அடிமட்டம் அக்காவும் தொண்ணூறு நாளும்

நாட்டில் எத்தனை நாளைக்கு எண்ணெய் இருக்கிறது என்று சபையில் மைக்கைப் பிடுங்கி எறிகிற அளவுக்குச் சண்டை நடந்த அந்த மூன்று மாதங்களில், சரியான பதில் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்குவார். கூடத்தில் அவருடைய கணவரும் தம்பியும் அதே கேள்விக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேரும் ஒருநாள்கூடச் சமையலறைப் பக்கம் திரும்பி, "உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டதில்லை.

வேலை செய்கிற இடத்தில் அவருக்கு 'அடிமட்டம் அக்கா' என்று பெயர். அடிமட்டம் என்றால் அளவுகோல், அளக்கிற ஆள் என்பதால் வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள். பதவிப் பட்டியலில் கடைசி வரியில் இருக்கிற ஆள் என்பதால் வந்தது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே சரிதான் என்பார் அக்கா.

இடம், ஊருக்கு வெளியே இரட்டை வேலிக்குள் இருந்த அவசரக் கையிருப்புக் கிடங்கு. பன்னிரண்டு வெள்ளைத் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஆறு மாடி உயரம். எங்காவது போர் மூண்டு கப்பல்கள் வராமல் போனால் நாடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக உள்ளே கச்சா எண்ணெயை நிரப்பி வைத்திருந்தார்கள். எது எவ்வளவு இருக்கிறது என்று தினமும் ஏறி அளப்பது அக்காவின் வேலை. தானாக அளக்கும் கருவி ஒவ்வொரு தொட்டியிலும் இருந்தது. ஆனால் கருவி ஒன்று சொல்லி, அக்காவின் நாடா இன்னொன்று சொன்னால், கருவியைத்தான் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். நீளமான எஃகு நாடா, நுனியில் பித்தளைக் குண்டு. தொட்டியின் உச்சியில் உள்ள சின்ன மூடியைத் திறந்து குண்டை இறக்க வேண்டும். அது அடித்தகட்டைத் தொடுகிற நொடியில் கை நிற்க வேண்டும். பிறகு நாடாவை மேலே இழுத்து, எண்ணெய் நனைத்த கோடு எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தொட்டிக்கு மூன்று முறை. மூன்றும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும்.

அக்கா இந்த வேலைக்கு வந்ததே ஒரு தனிக் கூத்து. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அங்கே தட்டச்சராகத்தான் சேர்ந்தார். அப்போதைய அளவுக்காரர் கொடுக்கும் தாளைப் பார்த்து அறிக்கை தட்டி மேலிடத்துக்கு அனுப்புவார். மூன்றாவது மாதம் ஒரு சந்தேகம் வந்தது. நாலாம் நம்பர் தொட்டி பூட்டிக் கிடக்கிறது. உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை, வெளியே ஒரு சொட்டு வரவில்லை. அளவு மட்டும் தினமும் அரை சென்டிமீட்டர் ஏறிக்கொண்டே போகிறது. வெயிலில் எண்ணெய் விரியும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் முழுக்க அடைமழை.

நேராக அளவுக்காரரிடமே போய்க் கேட்டார். "ஏண்ணே, எண்ணெய் தானா வளருமா?"

"வளரும்மா," என்றார் அவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "நல்ல எண்ணெய்னா வளரும்."

விசாரித்தால், முழங்கால் வலிக்காரரான அந்த மனிதர் ஒரு வருஷமாகப் படியே ஏறவில்லை. தொட்டியின் நிழலில் உட்கார்ந்து மனசுக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டிருந்தார். பாவம் நல்லவர், குறைத்து எழுத மனசு வராமல் தினம் கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கிறார். அவரை வாசலில் பதிவேடு பார்க்க மாற்றினார்கள். அன்றைய மேலாளர் தட்டச்சரைக் கூப்பிட்டு, "கண்டுபிடிச்சது நீதானே? நீயே ஏறு," என்றார். தண்டனையாகச் சொன்னாரா, பதவி உயர்வாகச் சொன்னாரா என்று அக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மறுநாள் காலையில் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினார். உச்சியில் காற்று முகத்தில் அடித்தது. தூரத்தில் கடல் ஒரு கோடு போலத் தெரிந்தது. தட்டச்சு அறையின் புழுக்கம் ஞாபகம் வந்தது. இனி இறங்குவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது, கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "அளவுப் பிரிவா? நோட்டுல எழுதற வேலைதானே? நல்லது, உக்காந்த வேலை," என்றார். விளக்கலாம் என்று அக்கா வாயைத் திறப்பதற்குள், கிடங்கில் ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். உள்ளே இருக்கும் அளவை யாரிடமும் சொல்லக் கூடாது, குடும்பத்தினர் உட்பட. படி ஏறுவதைச் சொல்லத் தடையில்லை, ஆனால் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆகவே கணவரின் மனதில் அக்கா இருபத்தாறு வருஷமாக மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே இருந்தார்.

கணவர் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்தினார். இரண்டு கார்கள், இரண்டுக்கும் இரட்டை பிரேக். தம்பி மாடியில் குடியிருந்தான். அவன் மனைவிக்கு வெளியூரில் வேலை, அதனால் வாரத்தில் ஐந்து நாள் அவனுக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அவன் தொழில் பேட்டரி ஸ்கூட்டர் விற்பது. ஆக, பெட்ரோலில் வாழ்கிறவரும் பெட்ரோல் ஒழிந்தால் வாழ்கிறவனும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்த வருஷம் தூரத்தில் எங்கோ இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டன. கப்பல்கள் போகிற குறுகலான கடல்வழி ஒன்று அடைபட்டது. ஒரே வாரத்தில் பெட்ரோல் பங்குகளில் வரிசை மூன்று தெரு தாண்டியது. சபையில் எதிர்க்கட்சி எழுந்து, கையிருப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்டது. ஆளுங்கட்சி நெஞ்சை நிமிர்த்தி "தொண்ணூறு நாள்" என்றது. எதிர்க்கட்சி "ஒன்பது நாள்கூடத் தாங்காது" என்றது. அன்றிலிருந்து நாடே இரண்டாகப் பிரிந்தது. முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு எழுந்து போனவர்கள் உண்டு.

அக்கா வீட்டிலும் அதே கதை.

"தொண்ணூறு நாள் மச்சான், தொண்ணூறு! மந்திரியே சொல்லிட்டாரு," என்பார் கணவர், தண்ணீர் ஜக்கை மேஜை நடுவில் வைத்து. "இதான் கையிருப்புன்னு வச்சுக்க. ஒரு ஜக்கு நிறைய இருக்கு. நாம தினம் குடிக்கறது ஒரு டம்ளர். எப்படித் தீரும்?"

"மாமா, அந்த ஜக்கு ஓட்டை ஜக்கு," என்பான் தம்பி. "இன்னும் ஒம்போது நாள்ல உங்க காரத் தள்ளிக்கிட்டுத்தான் ஓட்டக் கத்துக்குடுக்கணும். ஊரான் எண்ணெய நம்பி ஒரு நாடு இருக்கலாமா? சொந்தக் கால்ல நிக்கணும். வெயில் நம்மது, காத்து நம்மது, பேட்டரி நம்மது."

"பேட்டரி உன்னுது. அதச் சொல்லு."

"உங்க கார் மட்டும் பொதுச் சொத்தா?"

அக்கா பாத்திரத்தோடு வருவார். ஜக்கை ஒரு பார்வை பார்ப்பார். "அதுல முக்கால்தான் இருக்கு. நகத்துங்க, சூடாயிருக்கு," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை வைப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கையெழுத்துப் போட்டது போட்டதுதான்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்குச் சிரிப்பும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. தொண்ணூறு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். எல்லாத் தொட்டியையும் அடித்தரை வரை கணக்கில் எடுத்து, நடுக்கடலில் வருகிற கப்பல்களையும் சேர்த்து, விடுமுறை நாளில் ஆகிற செலவால் வகுத்தால் தொண்ணூறு. ஒன்பதும் வானத்திலிருந்து விழவில்லை. பழுதுக்கு மூடியிருக்கிற தொட்டிகளைக் கழித்து, அடியில் இருப்பதையெல்லாம் சேறு என்று தள்ளி, வருஷத்திலேயே அதிகமாகச் செலவான ஒரு நாளை எடுத்து வகுத்தால் கிட்டத்தட்ட அங்கே போய் நிற்கும். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. பொய் சொல்லியிருந்தாலாவது நாலாம் நம்பர் தொட்டி மாதிரி பிடித்துவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசனை. ஊரில் வேறு யாருக்காவது சோப்பு வாசனையாகத் தோன்றியிருக்கலாம். இருபத்தாறு வருஷ மூக்கு ஏமாறாது. வாளிகளுக்குப் பின்னால், பழைய துண்டு போட்டு மூடி, ஆறு பிளாஸ்டிக் கேன்கள். ஆறிலும் பெட்ரோல். இரண்டடி தள்ளித் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர், ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா ஹீட்டரை அணைக்கவில்லை. சுவிட்சிலேயே பொறி கிளம்பும். வெளியே போய் மெயினை இறக்கினார். ஜன்னல்களைத் திறந்தார். வீடு முழுக்க நிசப்தம்.

"கரண்ட் போயிடுச்சா?" என்று கணவர் கூடத்திலிருந்து கேட்டார். விவாத நிகழ்ச்சி பாதியில் நின்றுபோன துக்கம் குரலில் இருந்தது.

"இங்க வாங்க."

வந்தார். கேன்களைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அது வந்து... ஸ்கூலுக்கு... ஒரு அவசரக் கையிருப்பு," என்று இழுத்தார்.

"தொண்ணூறு நாளைக்கு இருக்குன்னு மந்திரி சொன்னாரே. அப்புறம் இது எதுக்கு?"

"அவர் சொன்னது நாட்டுக்கு. இது நமக்கு."

மாடிப்படியில் தம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். "மாமா! நம்பிக்கை இவ்வளவுதானா?"

அக்காவின் மூக்கு மாடிப்பக்கம் திரும்பியது. ஒயர் காய்கிற வாசனை. அவர் படியேறினார். தம்பியின் சிரிப்பு படிக்குப் படி குறைந்தது. அவன் படுக்கையறையில், கட்டிலுக்குக் கீழே, பதினான்கு ஸ்கூட்டர் பேட்டரிகள் ஒரே இணைப்புப் பெட்டியில் மாட்டப்பட்டு வரிசையாக இருந்தன. அந்தப் பெட்டியைத் தொட்டால் கை சுட்டது.

"இது என்னடா?"

"மின்சாரம் நின்னுட்டா விக்கறதுக்கு... இல்ல, நமக்கு உதவுமேன்னு... சொந்தக் கால்ல நிக்கறதுக்கு, அக்கா."

"சொந்தக் கால் கட்டிலுக்குக் கீழயா இருக்கு?"

கிடங்கில் ஒரு புது ஆள் தீக்குச்சியோடு உள்ளே வந்தால் எந்தக் குரலில் பேசுவாரோ அந்தக் குரலில் அக்கா அன்றைக்கு வீட்டில் முதல் தடவையாகப் பேசினார். சத்தமே இல்லாத குரல். கணவர் ஆறு கேன்களையும் ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும் பிடித்து, பள்ளி மைதானத்துக்குக் கொண்டு போய்த் தன் கார்களின் டேங்கிலேயே ஊற்றினார். தம்பி பேட்டரிகளை இரண்டிரண்டாகக் கடைக்குச் சுமந்தான். சாயங்காலம் இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த வருஷத்திலேயே முதன்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

"இவளுக்கு ஆபீஸ்ல டென்ஷன் அதிகம் போலிருக்கு," என்றார் கணவர்.

"உக்காந்தே இருந்தா அப்படித்தான் மாமா," என்றான் தம்பி.

இதற்கிடையில் சபையில் சண்டை முற்றியது. கையிருப்பைத் திறந்துவிட்டு விலையைக் குறை என்றது ஒரு பக்கம். தொடாதே, நாளைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வந்தால் என்ன செய்வாய் என்றது மறுபக்கம். அடுத்த வாரம் இரண்டு பக்கமும் தங்கள் கொள்கையை மாற்றிக்கொண்டு, அதே வேகத்தோடு கத்தின. கடைசியில் சபைத் தலைவர் வெறுத்துப்போய், இரண்டு தரப்பிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் நேரில் போய்த் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும் என்று உத்தரவு போட்டார். இருபது பேர் போகத் தயாராக இருந்தார்கள். தொட்டி உச்சியில் உள்ள மேடையில் ஒரு நேரத்தில் மூன்று பேர்தான் நிற்கலாம் என்று கிடங்கு விதி சொன்னது. அளப்பவர் ஒருவர், மிச்சம் இரண்டு இடம். சபையிலேயே குரல் பெருத்த இரண்டு பேர் தேர்வானார்கள்.

கிடங்கு மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓய்வுபெற இன்னும் மூன்றே மாதம் இருக்கிற மனிதர். முந்தின நாள் மத்தியானம், உறுப்பினர்களை ஏற்றுவதாக முடிவான ஏழாம் நம்பர் தொட்டியின் கைப்பிடிக் கம்பி துருவேறியிருப்பதைப் பார்த்துவிட்டு, பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார்.

"காயாது சார்," என்றார் அக்கா. "காத்துல ஈரம் இருக்கு."

"காஞ்சிரும்மா. அரசாங்கப் பெயின்ட்."

உறுப்பினர்கள் வந்தார்கள். ஆளுங்கட்சிக்காரர் நல்ல ஆகிருதி. எதிர்க்கட்சிக்காரர் ஒல்லி, நெடுநெடுவென்று உயரம். வேலிக்கு வெளியே இரண்டு பேருடைய ஆதரவாளர்களும், அவர்களைவிட அதிகமாகக் கேமராக்களும். வாசல் அறையில் அக்கா ஒரு தட்டை நீட்டினார்.

"போன், கைக்கடிகாரம், லைட்டர் எல்லாம் இதுல போட்டுருங்க சார்."

"போனையா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். சபையில் அவர்கள் ஒரே குரலில் எதையும் கேட்டதாக வரலாறு இல்லை.

"ஆமா சார். சட்டையும் மாத்தணும். அது பாலியஸ்டர். உரசினா பொறி வரும்."

கையிருப்பில் இருந்தவை இரண்டே பருத்தி உடுப்புகள், இரண்டும் நடுத்தர அளவு. ஒருவருக்குப் பட்டன் மூடவில்லை, இன்னொருவருக்குக் கணுக்கால் மூடவில்லை. முதுகில் பெரிய எழுத்தில் 'பராமரிப்பு' என்று இருந்தது. தலையில் தொப்பி. இருவரும் வெளியே வந்தபோது வேலிக்கு அப்பால் ஆதரவாளர்களுக்கு யார் தலைவர் என்றே அடையாளம் தெரியவில்லை. பின்னால் பெயின்ட் டப்பாவோடு போன நிஜமான பராமரிப்பு ஆளுக்கு ஒரு கூட்டம் 'வாழ்க' போட்டது. அவரும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

படி ஏற ஆரம்பித்தார்கள். அக்கா முன்னால், உறுப்பினர்கள் பின்னால். தொட்டியைச் சுற்றி வளைந்து ஏறுகிற இரும்புப் படி அது, ஓட்டை ஓட்டையாக, காலுக்குக் கீழே தரை தெரியும். இருபது படி வரை தொண்ணூறும் ஒன்பதும் மோதிக்கொண்டன. நாற்பதாவது படியில் பேச்சு குறைந்தது. அறுபதாவது படியில் நின்றேவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்தார். ஆளுங்கட்சிக்காரர் கண்ணை இறுக மூடியிருந்தார். எதிர்க்கட்சிக்காரர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார், ஆனால் அதில் உயிர் இல்லை. இருவரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பற்றியிருந்தார்கள்.

"சார்," என்றார் அக்கா மெதுவாக. "கீழ பாக்காதீங்க. என் ஷூவ மட்டும் பாருங்க. ஒரு கை கம்பியில. ஒரு படி, ஒரு மூச்சு."

"அம்மா," என்றார் ஆளுங்கட்சிக்காரர் கண்ணைத் திறக்காமல், "இங்கேர்ந்தே அளக்க முடியாதா?"

"முன்னாடி ஒருத்தர் கீழேர்ந்தே அளந்தாரு சார். சரியா வரல."

"இந்தப் படிக்கு ஒரு லிஃப்ட் வைக்க உங்க அரசாங்கத்துக்கு வக்கில்ல," என்று எதிர்க்கட்சிக்காரர் முணுமுணுத்தார்.

"கட்டினது உங்க ஆட்சியிலய்யா," என்றார் மற்றவர். ஆனால் கையை விடவில்லை.

அப்படியே, ஒரு படிக்கு ஒரு மூச்சாக, ஐம்பத்திரண்டு படிகள். உச்சியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருவரும் காற்று வாங்கினார்கள். கீழே கேமராக்கள் எறும்பு மாதிரித் தெரிந்தன. அக்கா கையுறையைக் கழற்றி வெறுங்கையால் கம்பியைத் தொட்டு, உடம்பில் மின்சாரம் தேங்கியிருந்தால் இறங்கட்டும் என்று ஒரு நிமிஷம் நின்றார். இருவரும் அதைப் பார்த்துவிட்டு, பிரார்த்தனை என்று நினைத்து, தாங்களும் கம்பியைத் தொட்டுக் கண்மூடினார்கள். பிறகு அக்கா காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மூடியைத் திறந்து குண்டை இறக்கினார். நாடா சரசரவென்று ஓடியது. ஓரிடத்தில் கை தானாக நின்றது.

"தொட்டாச்சு," என்றார்.

"எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார் எதிர்க்கட்சிக்காரர். சபைக் குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்டார்.

"கையில தெரியும் சார். ஆழத்துல ஒருத்தர் மெதுவா கதவத் தட்டற மாதிரி."

நாடா மேலே வந்தது. கரேலென்று நனைந்த பகுதி ஒரு கோட்டில் முடிந்தது. பதினான்கு மீட்டர், அறுபத்திரண்டு சென்டிமீட்டர், மூன்று மில்லிமீட்டர். துடைத்து, மறுபடி இறக்கினார். நான்கு மில்லி. மறுபடி. மூன்று மில்லி.

"பதினாலரை மீட்டர்!" ஆளுங்கட்சிக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. "நிறைஞ்சு கிடக்கு! எழுதிக்கங்க!"

"இருங்க இருங்க," எதிர்க்கட்சிக்காரர் குண்டின் அடியைச் சுட்டிக் காட்டினார். அதில் பூசியிருந்த பசை ஒரு சாண் உயரத்துக்குச் சிவந்திருந்தது. "இது என்ன நிறம்?"

"தண்ணி இருக்கற வரைக்கும் பசை சிவக்கும் சார்."

"தண்ணி! கேட்டீங்களா? எண்ணெய்னு சொல்லி நாட்டுக்குத் தண்ணி காட்டறாங்க!"

"எல்லா டேங்க்லயும் அடியில கொஞ்சம் தங்கும் சார். எண்ணெயோடவே வர்றதுதான். அப்பப்ப வடிச்சிருவோம். கணக்குல அதக் கழிச்சிட்டுத்தான் எழுதறோம்." அவர் நாடாவைத் துடைத்தபடி தொடர்ந்தார். "அப்புறம், இதோ இந்தக் கூரை இருக்கே, இது எண்ணெய் மேல மிதக்குது. ரெண்டு மீட்டருக்குக் கீழ எண்ணெய் போனா, கூரையோட கால் தரையில ஊனிரும். அதுக்குக் கீழ இருக்கறத எடுக்கறது பெரிய வேலை. அவசரத்துக்கு ஆகாது. அதையும் கழிச்சிரணும்."

ஆளுங்கட்சிக்காரரின் முகம் வாடியது. எதிர்க்கட்சிக்காரருடையது மலர்ந்தது. "அப்ப ஒன்பது நாள்தானே?"

அக்கா மேலாளரைப் பார்த்தார். அவர் நூற்றுப் பன்னிரண்டு படிகளுக்குக் கீழே நின்று, சபை உத்தரவுத் தாளை ஆட்டி, சொல், சொல் என்று சைகை காட்டினார்.

இருபத்தாறு வருஷமாக வாயில் பூட்டு போட்டிருந்தவருக்கு, அது திறக்கக் கொஞ்சம் நேரமானது.

"நாப்பத்தொண்ணு," என்றார்.

"என்னது?"

"பன்னெண்டு டேங்க்லயும் எடுக்க முடிஞ்ச எண்ணெய மட்டும் எடுத்து, சாதாரணமா நாடு ஒரு நாளைக்குச் செலவழிக்கறதால வகுத்தா, ஒரு கப்பல்கூட வராட்டி நாப்பத்தொரு நாள். பாதிக் கப்பல் வந்துட்டிருந்தா எண்பத்திரண்டு. நாம கொஞ்சம் சிக்கனமா இருந்தா இன்னும் தள்ளும். வீட்டுக்கு வீடு கேன்ல புடிச்சு ஒளிச்சு வச்சா குறையும். நான் உயரத்த அளக்கறேன் சார். நாளக் கூட்டறதும் குறைக்கறதும் கீழ இருக்கறவங்க கையில இருக்கு."

நாற்பத்தொன்று யாருக்கும் பயன்படாத எண். வெற்றி கொண்டாடப் போதாது, ஆட்சியைக் கவிழ்க்கவும் போதாது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ஞ்சு அளந்து பாருங்களேன்," என்று ஆளுங்கட்சிக்காரர் ஆசையாகக் கேட்டார்.

"நேராத்தான் சார் தொங்கும்," என்றார் அக்கா.

இறங்கினார்கள். ஏறியதைவிட இறங்குவது பயங்கரம். இந்தத் தடவை இருவரும் அக்காவின் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே வந்து தைரியம் திரும்பியதும் கேமராக்களைப் பார்த்துக் கை அசைத்தார்கள். நான்கு உள்ளங்கைகளும் பளிச்சென்று மஞ்சள். அரசாங்கப் பெயின்ட் காயவில்லை. கெட்ட காலம், சபையில் மூன்று உறுப்பினர்களோடு இருந்த ஒரு சின்னக் கட்சியின் நிறம் மஞ்சள். அரை மணி நேரத்தில், ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் தங்கள் கொள்கைக்கு வந்துவிட்டதாக அந்தக் கட்சி அறிக்கை விட்டுவிட்டது. மறுக்கவே இரண்டு நாள் ஆனது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் சண்டைச் சத்தமே இல்லை. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அடியில் 'கையிருப்பு நாற்பத்தொரு நாள்' என்ற வரியோடு. வேலிக்கு வெளியிலிருந்து எடுத்த படம் அது. தொப்பியும் பருத்தி உடுப்பும் போட்ட ஒரு பெண், வானத்தின் விளிம்பில், இரண்டு தலைவர்களைக் கைப்பிடித்து இறக்கிக் கூட்டி வருகிறாள். முகம் தெரியவில்லை. கீழே வந்ததும் அந்தப் பெண் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, தலையைச் சாய்த்து, அவர்கள் மூச்சு வாங்கி முடிக்கக் காத்து நின்றாள்.

அந்த நிற்கும் விதம் கணவருக்குத் தெரியும். கடைக்குப் போக அவர் செருப்பைத் தேடுகிற போதெல்லாம் வாசலில் அப்படித்தான் ஒருவர் நிற்பார்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "அது... நீயா?"

"ஆமா."

"அவ்வளவு உயரத்துலயா உனக்கு வேலை?"

"ஒரு நாளைக்கு நாலு டேங்க். சில நாள் அஞ்சு."

கணவர் விரல்விட்டுப் படிகளைப் பெருக்கிப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். உட்கார்ந்த வேலை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது.

தம்பிதான் முதலில் சுதாரித்தான். "அக்கா! அப்ப நாப்பத்தொண்ணுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்! மூணு மாசமா நாங்க கத்தினதக் கேட்டுக்கிட்டேதானே இருந்த?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றார் கணவர்.

"நீங்க கேக்கவே இல்லையே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

அக்கா யோசித்தார். "மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

"கேட்டிருக்கலாம்," என்றார் அக்கா. சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவினார். கொஞ்சம் அதிக நேரமாகவே கழுவினார்.

நாட்டில் நடந்தது இதுதான். இரண்டு உறுப்பினர்களும் சபையில் அறிக்கை வைத்தார்கள். நாற்பத்தொன்று ஒன்பதைவிட எத்தனை மடங்கு பெரியது என்று ஒருவர் பேசினார். தொண்ணூறில் பாதிகூட இல்லையே என்று மற்றவர் பேசினார். ஆனால் இருவருமே நாற்பத்தொன்று தவறு என்று சொல்லவில்லை. அந்தக் கோட்டைத் தங்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதனால், இனிமேல் கையிருப்பைக் கூரையின் காலுக்கு மேலே மட்டும்தான் கணக்கிட வேண்டும், வாரம் ஒருமுறை சபையில் வாசிக்க வேண்டும் என்று ஒரு சின்ன விதி, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அறிக்கை அச்சுக்குப் போகும் முன் இருவரும் தனித்தனியாக அக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள். படியில் கைகோத்து நின்ற விவரம் பார்வையிட்ட குறிப்பில் வேண்டாம் என்று. நடந்ததை எழுதாமல் விட அக்காவின் கை வராது. 'அறுபதாவது படியிலிருந்து இரு தரப்பினரும் முழு ஒத்துழைப்புடன் செயல்பட்டனர்' என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு ஒரு பத்திரிகை, நாட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று தலையங்கமே எழுதியது.

ஏழு வாரம் கழித்துக் கடல்வழி திறந்தது. கப்பல்கள் வந்தன. பங்குகளில் வரிசை மறைந்தது. கணவரின் பள்ளியில் மறுபடி மாணவர்கள் மற்ற வண்டிகளை இடிக்க ஆரம்பித்தார்கள். தம்பியின் கடையிலும் வியாபாரம் குறையவில்லை. ஒரு தடவை பயந்த ஜனங்கள் வீட்டுக்கொரு ஸ்கூட்டராவது பேட்டரியில் இருக்கட்டும் என்று நினைத்தார்கள். கணவரே ஒன்று வாங்கினார், தள்ளுபடி கேட்டு இரண்டு வாரம் சண்டை போட்டு.

சாப்பாட்டு மேஜையில் இப்போது குடிதண்ணீர்ப் பிரச்சினை ஓடுகிறது. ஏரியில் எத்தனை மாதத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று ஒருவர் எட்டு என்கிறார், ஒருவன் இரண்டு என்கிறான். போன வாரம் சண்டை உச்சத்தில் இருந்தபோது கணவர் திடீரென்று நிறுத்தி, சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, ஏரிய எப்படி அளப்பாங்க?"

அக்காவுக்கு ஏரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்படியே சொன்னார். கணவர் போகவில்லை. "சரி, அப்ப உன் டேங்கப் பத்திச் சொல்லு. அளவு வேணாம், அது ரகசியம். மேல என்ன தெரியும், அதச் சொல்லு," என்றார். அக்கா அடுப்பைச் சின்னதாக்கினார். காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கமிருந்து வரும், மழைக்கு முன் இரும்பு எப்படி மணக்கும், மூன்றாம் நம்பர் தொட்டியின் உச்சியில் வருஷா வருஷம் வந்து கூடு கட்டுகிற ஒரு ஜோடிப் பருந்து, எல்லாம் சொன்னார். தம்பியும் தட்டோடு வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். பருந்துக்குக் குஞ்சு எத்தனை என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. "நாளைக்கு எண்ணிட்டு வந்து சொல்றேன்," என்றார் அக்கா.

எண்ணிவிட்டு வந்தார். இரண்டு.